வெள்ளம் குடித்த பையனும் ஆறாயிரம் வெள்ளியும்

தொடக்கநிலை மூன்றின், அதாவது மூன்றாம் வகுப்பின், பிற்பாதியில் என் மகன் வகுப்பில் பேசுவதை நிறுத்திவிட்டான். ஒரேயடியாக இல்லை. முதலில் கை தூக்குவது நின்றது. பிறகு கேட்டால் மட்டும் பதில். அப்புறம் கேட்டாலும் தலையசைப்புத்தான். பள்ளியிலிருந்து ஆசிரியை தொலைபேசியில் அழைத்து, வீட்டில் ஏதேனும் பிரச்சினையா என்று மெதுவாகக் கேட்டபோது எனக்குக் கோபம்தான் வந்தது. மாதம் 320 சிங்கப்பூர் வெள்ளி கட்டி ஆங்கில வகுப்புக்கு அனுப்புகிறேன், தினமும் உட்கார்ந்து பேச்சைத் திருத்துகிறேன், இதில் என்ன பிரச்சினை இருக்க முடியும்? பிரச்சினையே அந்தத் திருத்தம்தான் என்று எனக்கு உறைக்க இன்னும் எட்டு மாதம் பிடித்தது. சிங்கப்பூருக்குப் புதிதாக வந்து பிள்ளைகளை உள்ளூர்ப் பள்ளியில் சேர்த்திருக்கும் நம்மவர்கள் யாராவது இதே குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருக்கலாம். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பேனா என்பது வேறு விஷயம்.

என் பயம் சிங்கப்பூரில் தொடங்கியதல்ல. நான் கன்னியாகுமரி மாவட்டம், தக்கலைப் பக்கம். எங்கள் ஊரில் குடிக்கும் தண்ணீருக்கு வெள்ளம் என்று பெயர். குதிப்பதற்குச் சாடுவது. ஒரே ஒரு பிள்ளையைக் கூப்பிடுவதற்கும் ‘மக்களே’. பொறியியல் படிக்கச் சென்னைக்குப் போன முதல் வாரம், விடுதிச் சாப்பாட்டுக்கூடத்தில் ‘கொஞ்சம் வெள்ளம் தாருங்கள்’ என்று கேட்டுவிட்டேன். மேசை முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து எனக்குப் பட்டப்பெயரே ‘வெள்ளம்’ ஆனது. மூன்று மாதத்தில் பேச்சை மாற்றிக்கொண்டேன். விடுதிக்கு எதிரிலேயே தொலைபேசிக் கடை இருந்தும் இரண்டு தெரு தள்ளிப் போய்த்தான் அம்மாவுடன் பேசுவேன். ஊர்ப்பேச்சு யார் காதிலும் விழுந்துவிடக் கூடாதே. பல வருடம் கழித்து எனக்கு ஒரு மகன் பிறந்தபோது, இவன் பேச்சைக் கேட்டு ஒருவரும் சிரிக்கக் கூடாது என்று மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். இங்கே சொன்ன எல்லாவற்றுக்கும் வேர் அந்த முடிவுதான்.

2018இல் சிங்கப்பூர் வந்தபோது அவனுக்கு ஐந்து வயது. 2020இல் தொடக்கநிலை ஒன்றில் சேர்ந்தான். ஏப்ரல் 8 முதல் பள்ளிகள் எல்லாம் வீட்டிலிருந்தே பாடம் என்று மாறின அல்லவா, அப்போதுதான் அவன் வகுப்பு என் சாப்பாட்டு மேசைக்கு வந்தது. ஆசிரியை பேசியது நல்ல ஆங்கிலம். பாடம் தொடங்குவதற்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் தங்களுக்குள் பேசியதைக் கேட்டுத்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. ‘ஐ ஈட் ஆல்ரெடி’, ‘ஒய் யூ நெவர் கால் மீ’, சரி, முடியும் என்பதற்குக் ‘கேன் லா’. அவர்களில் என் மகன் குரல்தான் உரக்கக் கேட்டது. அப்போதுதான் சிங்லிஷ் எனப்படும் இந்த உள்ளூர்ப் பேச்சு ஆங்கிலத்தைப் பற்றித் தேடிப் படித்தேன். 1999இல் லீ குவான் இயூ அதை ஒரு தடை என்று சொல்லியிருக்கிறார். 2000இல் கோ சோக் டோங் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கிவைத்திருக்கிறார். நாட்டின் தலைவர்களே இப்படிச் சொல்லும்போது நான் சும்மா இருப்பதா என்று தோன்றியது. குளிர்பதனப் பெட்டி மேல் ஒரு கண்ணாடி ஜாடி வைத்தேன். ஒவ்வொரு ‘லா’வுக்கும் அவன் சேமிப்பிலிருந்து 10 காசு. இரண்டு மாதத்தில் 14 வெள்ளி சேர்ந்தது. கணக்குப் பார்த்தால் 140 முறை ஒரு ஏழு வயதுப் பிள்ளையைப் பேச்சின் நடுவில் நிறுத்தியிருக்கிறேன். அன்று அதைப் பெருமையாக என் கணவரிடம் சொன்னேன்.

2022 ஜனவரியில், தொடக்கநிலை மூன்றில், ஒரு துணைப்பாட மையத்தில் சேர்த்தேன். ‘சிங்லிஷ் இல்லாத ஆங்கிலம்’ என்பதே அவர்கள் விளம்பரம். மாதம் 320 வெள்ளி, பதிவுக்கும் புத்தகத்துக்கும் 240, முன்பணம் 160. சனிக்கிழமை இரண்டு மணி நேரம், போகவர பஸ்ஸில் 80 நிமிடம். அந்த நேரத்தில்தான் அவன் நண்பர்கள் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே பந்து விளையாடுவார்கள். 16 மாதம் அவன் அந்த ஆட்டத்தைத் தவறவிட்டான். மையத்தில் என்ன நடக்கிறது என்று நான் ஒருநாளும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை. பின்னால் தெரிந்தது: சிங்லிஷ் சொல் ஒன்றைச் சொன்னால் எழுந்து நின்று சரியான வாக்கியத்தை ஐந்து முறை சொல்ல வேண்டுமாம். என் ஜாடியின் பெரிய வடிவம், அவ்வளவுதான். இப்படிப்பட்ட இடத்தில் சேர்க்குமுன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். பிள்ளை பேசும்போது ஆசிரியர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனித்தால் போதும்: பேசி முடிக்க விடுகிறாரா, பாதியில் வெட்டுகிறாரா? முன்பணத்தை எப்போது, எப்படித் திருப்பித் தருவார்கள் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வாங்கவில்லை.

இதே சமயத்தில் தமிழ் வகுப்போடும் ஒரு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். தமிழாசிரியர் வகுப்பில் பேச்சுத் தமிழில் பேசுகிறார், பிள்ளைகளையும் அப்படியே பேச வைக்கிறார் என்று மகன் சொன்னான். பள்ளிக்கூடத்தில் எதற்குப் பேச்சுத் தமிழ், அதை வீட்டில் கற்றுக்கொள்ள மாட்டார்களா, நீங்கள் செந்தமிழ் கற்பியுங்கள் என்று நீளமாக ஒரு மின்னஞ்சல் எழுதினேன். அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் தமிழே பேசப்படுவதில்லை. எழுத்துத் தமிழை மட்டும் சொல்லிக்கொடுத்தால் கடைக்காரரிடம் செய்தி வாசிப்பதுபோல் பேசுவார்கள், அல்லது கூச்சப்பட்டு ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார்கள். அதனால்தான் 2005இல் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுஆய்வு செய்த குழு, படித்தவர்கள் பொதுவாகப் பேசும் பேச்சுத் தமிழுக்கு வகுப்பில் இடம் தரச் சொன்னது என்று விளக்கியிருந்தார். நான் ஏற்கவில்லை. ஆங்கிலத்தில் தெருப்பேச்சு நுழைகிறது என்று ஒரு கையால் விரட்டிக்கொண்டு, தமிழிலும் அதே கதவை மறு கையால் சாத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு வந்தது ஜூலை மாதம். வாய்மொழித் தேர்வுக்கான பயிற்சியில் ஒரு காணொளியைக் காட்டி என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். விளையாட்டுத் திடல், வெயில், ஒரு பையன் புட்டியைத் திறந்து குடிக்கிறான். என் மகன், ‘அவன் வெள்ளம் குடிக்கிறான்’ என்றிருக்கிறான். வாரம் இரண்டு முறை தக்கலையிலிருந்து காணொளி அழைப்பில் பேசும் ஆச்சியிடம் கற்றது. வகுப்பு சிரித்திருக்கிறது. ஆசிரியர், அது ஓர் ஊர்ப்பக்கத்துச் சொல், தவறில்லை என்று சொல்லிக் கடந்துவிட்டார். விஷயத்தை அவரே அங்கு முடித்துவிட்டார். அதை மறுபடி தொடங்கியவள் நான். மகன் வீட்டுக்கு வந்து இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குச் சென்னை விடுதியின் மேசை ஞாபகம் வந்துவிட்டது. சத்தம் போட்டேன். இனி ஆச்சியின் சொற்கள் ஒன்றும் வாயில் வரக் கூடாது என்றேன். அம்மாவையும் அழைத்து, அவனிடம் நல்ல தமிழில் பேசுங்கள் என்று சொன்னேன். அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, சரி என்றார். அடுத்த அழைப்புகள் இரண்டு நிமிடத்தில் முடியத் தொடங்கின. நண்பர்களிடம் பேசும் ஆங்கிலம் தப்பு, ஆச்சியிடம் பேசும் தமிழ் தப்பு என்றால் ஒன்பது வயதுப் பையன் வேறென்ன செய்வான், வாயை மூடிக்கொண்டான்.

மூடிய வாயைத் திறக்க வைக்க, 2023 மார்ச்சில் ஒரு பேச்சு, மொழி சிகிச்சையாளரிடம் அழைத்துப் போனேன். மதிப்பீட்டுக்கு 450 வெள்ளி, மறுசந்திப்புக்கு 180. முதல் நாள் அவனுடன் லெகோ அடுக்கிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசினார். என்னைக் கூப்பிட்டு, இவனுக்குப் பேச்சுக் குறைபாடு எதுவும் இல்லை, இரண்டு மொழிகளையும் வயதுக்கேற்றபடி பேசுகிறான் என்றார். நான், ‘ஆனால் இலக்கணம்?’ என்றேன். குறைபாடு வேறு, வழக்கு வேறு என்றார். வழக்கு என்றால் கூடப் பேசும் எல்லாரும் அதே மாதிரி, அதே ஒழுங்கோடு பேசுவார்கள். குறைபாடு என்றால் பிள்ளை எந்த மொழியில், யாரோடு பேசினாலும் தடுமாறும். இந்த ஒரு வரி எனக்கு முன்பே தெரிந்திருந்தால் 630 வெள்ளி மிச்சம். பிள்ளைக்கு வீட்டு மொழியிலும் சொல் வரவில்லை, சொல்வது கூடப் பிறந்தவர்களுக்கே புரியவில்லை, திக்குகிறது என்றால் தாமதிக்காமல் போங்கள். வீட்டில் அருவி மாதிரி பேசிவிட்டு வகுப்பில் மட்டும் ஊமையாகிறது என்றால் முதலில் பள்ளி ஆசிரியரைப் பாருங்கள், கூடவே கண்ணாடியையும்.

பிறகு அவர் ஒரு வேலை கொடுத்தார். பத்து நிமிடம் மகனோடு பேசுவதைத் தொலைபேசியில் பதிவு செய்து, எத்தனை முறை திருத்துகிறேன் என்று நானே எண்ண வேண்டும். எண்ணினேன். 11 முறை. அவன் சொல்ல வந்தது பள்ளியில் பார்த்த ஓர் உடும்பைப் பற்றி. அந்த உடும்பு கடைசியில் என்ன ஆனது என்று பதிவில் இல்லை, ஏனென்றால் நான் சொல்ல விடவில்லை. மறுசந்திப்பில் அவர் ஒரு பழைய ஆய்வைச் சொன்னார். அமெரிக்காவின் ஓக்லாந்தில் கறுப்பினப் பிள்ளைகள் படித்த முதல் வகுப்புகளை ஆன் பீஸ்ட்ரப் என்பவர் உட்கார்ந்து கவனித்து 1973இல் வெளியிட்டது. வழக்குச் சொல் வரும்போதெல்லாம் ஆசிரியர் குறுக்கிட்டுத் திருத்திய வகுப்புகளில் பிள்ளைகள் சிலர் மௌனமானார்கள், சிலர் வீம்புக்கு வழக்கை இன்னும் அதிகம் பேசினார்கள், வாசிப்பும் பின்தங்கியது. கேட்கும்போது என் ஜாடியைப் பற்றி யாரோ ஐம்பது வருடம் முன்பே எழுதிவைத்ததுபோல் இருந்தது.

இதையெல்லாம் கேட்டும் நான் முழுதாக மாறவில்லை. என்னை மாற்றியது ஒரு கட்டுரைத் தாள். ஏப்ரலில் மகன் எழுதிய பயிற்சிக் கட்டுரையை வழக்கம்போல் வாங்கித் ‘திருத்தி’ அனுப்பினேன். நண்பர்கள் ஒரு திட்டத்தை ‘டிஸ்கஸ்டு’ என்று எழுதியிருந்தான். பின்னால் ஓர் ‘அபௌட்’ சேர்த்தேன். சமாளிப்பதைக் ‘கோப்’ என்று எழுதியிருந்ததில் ‘அப்’ சேர்த்தேன். ‘திஸ் மார்னிங்’ என்பதை ‘டுடே மார்னிங்’ ஆக்கினேன். தாள் திரும்பி வந்தபோது மூன்று இடங்களில் சிவப்பு வட்டம். மூன்றும் என்னுடையவை. அவன் எழுதியது சரி. நான் சென்னையில் படித்து, பத்து வருடம் அலுவலகத்தில் மின்னஞ்சல் எழுதி, இதுதான் நல்ல ஆங்கிலம் என்று சுமந்துகொண்டிருந்ததும் ஒரு வட்டார வழக்குத்தான். இந்தியாவில் யாரும் வட்டம் போடவில்லை, அதனால் எனக்குத் தெரியவில்லை. மகன் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. அன்று இரவே மையத்துக்கு நிறுத்தச் சொல்லி எழுதினேன்.

மறுவாரம் அவனுடைய ஆங்கில ஆசிரியையைப் பார்க்க நேரம் கேட்டேன். மலாய்க்காரர், நடுவயது. நான் எல்லாவற்றையும் கொட்டி முடித்தபின் மகனை உள்ளே அழைத்து ஒரு கேள்வி கேட்டார். திட்டு வாங்கியதைக் ‘கெனா ஸ்கோல்டிங்’ என்று சொல்லலாமா? சொல்லலாம் என்றான். பாராட்டு வாங்கியதைக் ‘கெனா பிரெய்ஸ்’ என்று? அவன் பல நாள் கழித்துச் சிரித்தான். ‘நோ லா, தட் ஒன் கேனாட்’ என்றான். ஏன்? நல்லது நடந்தால் கெனா வராது. எனக்குப் பொறி தட்டியது. நாமும் திட்டு வாங்கினேன், அடி வாங்கினேன் என்கிறோம். மலாயிலிருந்து வந்த அந்தச் சிறிய சொல்லுக்கு இவ்வளவு நுணுக்கமான விதி. அதை ஒருவரும் கற்பிக்காமல் இவன் கற்றிருக்கிறான். ‘ஐ ஈட் ஆல்ரெடி’யில் வரும் ‘ஆல்ரெடி’ நம்முடைய ‘சாப்பிட்டுவிட்டேன்’ என்பதில் வரும் ‘விட்டேன்’ செய்கிற வேலையைச் செய்கிறது. ‘யூ நெவர் கால்’ என்பதில் ‘நெவர்’ என்றால் ஒருபோதும் என்று பொருள் இல்லை, கூப்பிடவில்லை என்று பொருள், அவ்வளவுதான். இவ்வளவு ஒழுங்காக இலக்கணம் வைத்திருக்கும் பிள்ளைக்கு இன்னொரு இலக்கணம் கற்பிப்பது கடினமில்லை, ஆனால் முதலாவதை இல்லை என்று சொல்லாதீர்கள் என்றார் ஆசிரியை.

அவர் சொன்ன முறை இதுதான். ஒரு நோட்டு, இடப்பக்கம் ‘திடல்’ என்று தலைப்பு, வலப்பக்கம் ‘தேர்வு அறை’. நண்பர்களிடம் சொன்ன வாக்கியம் ஒன்றை இடப்பக்கம் அவனே எழுத வேண்டும், எதிர்ப்பக்கத்தில் அதையே ஆசிரியரிடம் சொல்வதாக மாற்ற வேண்டும். நாளுக்கு மூன்று வாக்கியம் போதும். எது சரி, எது தப்பு என்ற பேச்சே எழக் கூடாது. எது எங்கே என்பதுதான் கேள்வி. இதற்கும் ஆதாரம் உண்டு என்று பின்னால் படித்தேன். அமெரிக்காவின் இல்லினாயில் உள்ள அரோரா பல்கலைக்கழகத்தில் ஹன்னி டெய்லர் தம் கறுப்பின மாணவர்களில் ஒரு பிரிவுக்கு இப்படி ஒப்பிட்டுக் கற்பித்திருக்கிறார், இன்னொரு பிரிவுக்கு வழக்கமான இலக்கண வகுப்பு. 1989இல் வெளிவந்த அவர் நூலின்படி, ஒப்பிட்டுப் படித்தவர்கள் எழுத்தில் வழக்குக்கூறுகள் ஏறக்குறைய 59 விழுக்காடு குறைந்தன. மற்றப் பிரிவில் அவை கூடின. எங்கள் நோட்டு மூன்றே வாரத்தில் வேறு பாதையில் போனது. மகன் பின்பக்கத்திலிருந்து ‘ஆச்சி’ என்று ஒரு பகுதி தொடங்கினான்: வெள்ளம், சாடு, பைய. அதற்கும் அடுத்து ‘அம்மா இங்கிலிஷ்’ என்று ஒரு பக்கம். அதில் ‘டிஸ்கஸ் அபௌட்’ முதல் வரி.

அப்படியானால் பள்ளியில் சிங்லிஷிலேயே பாடம் நடத்தலாமா என்று என் கணவர் கேட்டார், கொஞ்சம் கிண்டலாக. வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். தேர்வு, வேலை, பத்திரம், மருத்துவரின் குறிப்பு எல்லாம் பொது ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அதைப் பள்ளி கொடுக்காவிட்டால் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மட்டும்தான் கிடைக்கும். ஆனால் அதைக் கற்பிப்பவருக்குப் பிள்ளை ஏற்கெனவே கொண்டுவரும் மொழி தெரிந்திருக்க வேண்டும். 1996 டிசம்பரில் ஓக்லாந்து பள்ளி வாரியம் கறுப்பினப் பிள்ளைகளின் பேச்சுக்கு அங்கீகாரம் கொடுத்துத் தீர்மானம் போட்டபோது, கொச்சையைக் கற்பிக்கப் போகிறார்கள் என்று நாடே கொதித்ததாம். பொது ஆங்கிலத்துக்கு அதைப் படிக்கட்டாக வைப்பதுதான் நோக்கம் என்பதைக் கேட்க ஆளில்லை. அதற்கும் முன்னால், 1979இல், மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஒரு நீதிபதி, பிள்ளைகளின் வீட்டுப் பேச்சை அடையாளம் காண ஆசிரியர்கள் கற்றுக்கொள்ள வேண்டும் என்று தீர்ப்பளித்திருக்கிறார். கற்க வேண்டியது ஆசிரியர் என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. நான் பிள்ளைக்கு அபராதம் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கே 2020 கணக்கெடுப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 48.3 விழுக்காட்டினர் வீட்டில் அதிகம் பேசுவது ஆங்கிலம் என்று வந்தது. எந்த ஆங்கிலம் என்று படிவத்தில் கட்டம் இல்லை.

நடைமுறையில் எனக்கு உதவியவற்றையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை ஏதாவது சொல்ல வந்தால் முடியும்வரை பொறுங்கள். திருத்தியே ஆக வேண்டுமென்றால், உங்கள் பதிலில் அந்த வாக்கியத்தைப் பொது வழக்கில் ஒருமுறை சொல்லிவிட்டு விஷயத்துக்குப் போய்விடுங்கள். தினமும் பத்து நிமிடம் உரக்க வாசிக்க வையுங்கள். வாசிக்கும்போது பொது வழக்கு தானாக வாயில் படிகிறது, யாரும் யாரையும் திருத்த வேண்டியதில்லை. பெற்றோர்-ஆசிரியர் சந்திப்பில் மதிப்பெண்ணைக் கேட்பதோடு, வகுப்பில் ஒரு நாளைக்கு எத்தனை முறை வாய் திறக்கிறான் என்றும் கேளுங்கள். தொடக்கப்பள்ளி இறுதியாண்டுத் தேர்வில் 2025 முதல் ஆங்கில வாய்மொழிக்கு 200இல் 40 மதிப்பெண், தமிழில் 200இல் 50. வாயடைத்துப்போன பிள்ளைக்கு இலக்கணம் எவ்வளவு தெரிந்து என்ன பயன்? ஊரிலிருக்கும் தாத்தா பாட்டியின் பேச்சில் கை வைக்காதீர்கள். நான் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். ‘சரி மக்களே’ என்றார். பழைய நீளத்துக்கு அழைப்புகள் திரும்ப ஒரு வருடம் ஆனது. இந்தக் கணக்கில் அதற்கு விலை போடத் தெரியவில்லை.

மற்றவற்றுக்குப் போடலாம். மையத்துக்கு 16 மாதக் கட்டணம் 5,120, பதிவும் புத்தகமும் 240, சிகிச்சையாளருக்கு 630, ஆக 5,990 வெள்ளி. சென்ற ஆண்டு தேர்வு எழுதினான். ஆங்கிலத்தில் மூன்றாம் நிலை, அதாவது 80க்கும் 84க்கும் இடையில்; தமிழில் இரண்டாம் நிலை. பிரமாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள், எனக்குப் போதும். வாய்மொழித் தேர்வு முடிந்து வெளியே வந்தவன், எப்படி இருந்தது என்று கேட்டதற்கு ‘கேன் லா’ என்றான். ஜாடி இப்போது சமையலறையில் பெருங்காயம் வைக்கப் பயன்படுகிறது. முன்பணம் 160 வெள்ளி மட்டும் அந்த மையத்திலிருந்து இன்னும் வரவில்லை. மூன்று முறை தொலைபேசியில் கேட்டாயிற்று, இனி கடிதம்தான் எழுத வேண்டும். எழுதிவிட்டு, அனுப்புமுன் மகனிடம் ஒருமுறை கொடுத்துப் பார்க்கச் சொல்வேன்.